நான் அழித்த வட்டாரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெங்களூரில் முதல் வேலை கிடைத்ததே அதனால்தான். தொண்ணூறுகளின் நடுவில், தொற்றுநோய்களை ஆராயும் ஒரு சிறிய மையத்தில் நேர்முகத் தேர்வு. மையத்தை நடத்தியவர் ஒரு கன்னடப் பெண் மருத்துவர். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மூன்று ஆய்வகங்களிலிருந்து டைபாய்டு ரிஜிஸ்டர்கள் வரும், மூன்றும் மூன்று விதமாக இருக்கும், அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒன்றாக்க வேண்டும், முடியுமா என்று கேட்டார். "மூணு பேரும் முதல்லயே உட்கார்ந்து பேசி ஒரே மாதிரி எழுதியிருக்கலாமே மேடம், அதுக்கு என்ன கேடு?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "அந்த மூணு பேர்ல நானும் ஒருத்திம்மா" என்றார். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

வேலை மூன்று மாதத்துக்குத்தான். என் அண்ணன் அல்சூரில் பெண்கள் ஹாஸ்டல் வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "மூணு மாசம். நிலைக்கலைன்னா பேசாம கெளம்பி வந்துடணும்" என்றார். வாணியம்பாடியில் அவர் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். நான் திரும்பிப் போனால் அங்கே உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி ஏ எஸ் டி எஃப் அடிக்கும் பெண்களிடம் 'விரலைப் பார்க்காதே' என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடப் பெங்களூர்க் கொசுவே மேல் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ரிஜிஸ்டர்களுக்கும் அதே மூன்று மாதக் கெடு. ஒன்று மேடத்தின் மையத்தில் இருந்த மருத்துவமனைப் பிரிவினுடையது. இன்னொன்று கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியினுடையது. அதன் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கன்னியாஸ்திரி. மூன்றாவது சிவாஜிநகரில் ஓர் ஆஸ்பத்திரியினுடையது. அங்கே இருந்த டாக்டர் ஒரு தமிழர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தன் ரிஜிஸ்டரைத் தர அவருக்கு மனசே இல்லை. என் பேஷண்ட், என் லேப், என் உழைப்பு, எவனோ எடுத்துக்கொண்டு போய்த் தன் பெயரில் கட்டுரை எழுதிவிடுவான் என்பது அவர் கட்சி. முன்பு ஒருமுறை அப்படி நடந்தும் இருந்ததாம். மேடம் மாதக்கணக்கில் அலைந்து மூவரையும் ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். மூன்று மாதத்துக்குள் மூன்றையும் சேர்த்து உருப்படியாக ஏதாவது காட்டினால் தொடர்ந்து பகிர்ந்துகொள்வது, இல்லையென்றால் அவரவர் சொத்து அவரவருக்கு. நோயாளிகளின் பெயரை மட்டும் கம்ப்யூட்டரில் அடிக்கக் கூடாது. சண்டையே இல்லாமல் மூவரும் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

சேர்ப்பதால் என்ன லாபம் என்று நானும் முதல் நாளே கேட்டேன். டைபாய்டு தண்ணீரில் வருவது, எந்தத் தண்ணீரில் என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம் என்றார் மேடம். ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஊரின் நான்கு மூலையிலிருந்தும் ஆள் வருகிறார்கள், தனியாகப் பார்த்தால் எல்லாம் சிதறித்தான் தெரியும். "சேர்த்துப் பார்த்தா எங்கயாவது குவியும்மா. குவியணும்."

சேர்ப்பது என்று வாயால் சொல்லிவிடலாம். சிஸ்டர் வெளிநாட்டில் படித்தவர், தேதியில் மாதத்தை முன்னால் எழுதுவார். மற்ற இருவரும் நாளை முன்னால் எழுதுவார்கள். இது தெரியாமல் நான் ஒரு வாரம் ஓட்டினேன். ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு ரிஜிஸ்டரில் வயது ஆறு. சிவாஜிநகர் ரிஜிஸ்டரில் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்கள், அது எந்த நாட்டு ஆங்கிலம் என்று எழுதியவருக்கே வெளிச்சம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். டாக்டர்களைப் பற்றி அப்போது நான் தனியாகப் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

முகவரிதான் உயிரை வாங்கியது. ஒருவர் 'பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்' என்பார், இன்னொருவர் அதையே 'கோவிலுக்கு எதிரில்' என்பார். இதற்கு நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். முகவரியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்களையெல்லாம் ஒரு பட்டியல் போட்டு, அவற்றைத் தானாகவே அழிக்கும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதினேன். பின்னால், எதிரில், பக்கத்தில், ஏரியா, ஓல்டு, நியூ. இவற்றோடு இன்னொரு சொல்லும் முகவரிகளில் அடிக்கடி வந்தது: வட்டாரா. இங்கிலீஷில் விதவிதமாக எழுதியிருந்தார்கள். வட்டாரம் என்றால் என்ன என்று தமிழ்ப் பெண்ணான எனக்குத் தெரியாதா? சுற்றுவட்டாரம், வட்டார வழக்கு, வட்டாரச் செய்திகள். ஏரியா என்பதன் தமிழ். அதைப் பார்த்ததும், பாவம், தமிழ்க்காரர் யாரோ எழுதியிருக்கிறார் என்று எனக்குப் பாசம்கூட வந்தது. அதற்கு முன்னால் ஒட்டியிருந்த சொல்லோடு சேர்த்து, அவ்வளவையும் துடைத்து எறிந்தேன். தெருவும், கிராஸ் என்று அங்கே சொல்லும் குறுக்குத்தெருவும் மட்டும் மிஞ்சின. பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருந்ததைப் பழைய ஃபைல் மேலேயே சேமித்தேன், ஃப்ளாப்பியிலும் அதையே ஏற்றினேன். பழையதில் ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லை.

பத்தாவது வாரம் மூவரையும் கூட்டி, பிரின்ட்அவுட்டை விரித்தோம். ஊர் வரைபடத்தில் நான் வைத்த சிவப்புப் புள்ளிகள் சல்லடை மாதிரி பரவிக் கிடந்தன. ஸ்ரீராம்புரத்தில் கொஞ்சம் அதிகம், அதுவும் எல்லாத் தெருவிலும் ஒன்றிரண்டாகத்தான். எங்கேயும் குவியவில்லை. சிவாஜிநகர் டாக்டர் எழுந்து, "நான் அன்னைக்கே சொன்னேன். இதுல ஒண்ணும் இல்ல மேடம், சும்மா நேரம் வேஸ்ட்" என்று சொல்லி, தன் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கெடு முடிய இரண்டு வாரம் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏ எஸ் டி எஃப் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள், ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் அக்கா என் மேஜைப் பக்கம் வந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், மூன்று தலைமுறையாக ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம், யாரையும் கேலி செய்யாமல் விடமாட்டார், என்னையும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"நாளைக்கு நான் லீவு மேடம், யாரும் தேடாதீங்க. ஊடு மாத்தறோம்."

"எங்கேக்கா?"

"அங்கயே தான். இந்த வட்டாரத்துலேர்ந்து பக்கத்து வட்டாரத்துக்கு."

இருந்த எரிச்சலில் நான், "ஸ்ரீராம்புரமே ஒரு வட்டாரம், அதுக்குள்ள என்னக்கா இந்த வட்டாரம் அந்த வட்டாரம்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச புள்ள, வட்டாரம் தெரியாதா? ஒரு கேட்டு. உள்ள பத்து ஊடு. எல்லாத்துக்கும் ஒரே ஓனர், ரெண்டு கக்கூஸ், ஒரே கொழா. அது தான் வட்டாரம். கன்னடத்துல வட்டாரான்னுவாங்க, நாங்களும் அதையே சொல்லிப் பழகிட்டோம். பத்து குடும்பமும் அந்த ஒரு கொழாவுல தான் தண்ணி புடிக்கணும், தெனம் குடுமிபிடி சண்டை."

ஒரே குழாய். யார் யார் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று அந்த ரிஜிஸ்டர்களில் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சொல் அதுதான். அதைத் தேடித் தேடி, ஒன்று விடாமல், என் கையாலேயே அழித்திருந்தேன். ஒரு கன்னடக்காரர் இதைச் செய்திருக்க மாட்டார். தமிழ் தெரியாத ஒரு வடக்கத்தியர்கூடப் புரியாத சொல் என்று விட்டுவைத்திருப்பார். தெரிந்த சொல் என்று நம்பியதால் நான்தான் அழித்தேன். மேடத்திடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். சந்தேகமே வராத இடத்தில் யார் போய்க் கேட்பார்கள்?

அக்காவை அப்படியே நிற்க வைத்துவிட்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன். செய்ததைச் சொன்னேன், சுற்றி வளைக்காமல். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "வட்டாராவ அழிச்சுட்டியா" என்றார். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். "ரிஜிஸ்டர் கைல இருக்கில்ல? திரும்ப அடி."

இரண்டு ரிஜிஸ்டர்கள்தான் கையில் இருந்தன. அவற்றின் முகவரிகளை நான்கு நாளில் மறுபடி அடித்தேன். வட்டாரம் வரும் இடங்களை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாளே ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: பேக்கரி வட்டாரம், ஸ்ரீராம்புரம். மேடத்திடம் நாலு பேர், சிஸ்டரிடம் நாலு பேர், எல்லாம் ஒன்றரை மாதத்துக்குள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். மூன்றாவது ரிஜிஸ்டர் மட்டும் சிவாஜிநகரில், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவரிடம் இருந்தது.

போய் நின்றேன். டாக்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ரிஜிஸ்டர் இந்த ரூமை விட்டு வெளில போகாதும்மா."

"போக வேணாம் சார். இங்கயே உட்கார்ந்து அட்ரஸ் மட்டும் எழுதிக்கறேன்."

"திரும்பவும் எதுக்கு? போன தடவை எழுதினது என்ன ஆச்சு?"

"நான் கெடுத்துட்டேன் சார். தப்பு என்னுது."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். பத்து வரிக்குள் நாலு முறை, "இது என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டேன். வேண்டுமென்று இல்லை, உண்மையிலேயே படிக்க முடியவில்லை. எழுதியவர் அவருடைய டெக்னீஷியன், வீட்டில் உருது பேசுகிறவர். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் டாக்டர்தான். ஐந்தாவது முறை கேட்டபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. "குடுங்க, நானே படிக்கறேன்" என்று ரிஜிஸ்டரைப் பிடுங்கிக்கொண்டார். தன் ரிஜிஸ்டரை யாருக்கும் காட்டமாட்டேன் என்றவர், அதைச் சத்தமாக வாசிக்க, நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பக்கத்தில், "ஃபோர்த் கிராஸ், பக்ரி வட்டாரா" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"சார், அது என்ன வட்டாரா?"

"பக்ரி. ஆடு. அங்க ஆடு வளக்கறாங்க போல."

"எந்த ஏரியா சார்?"

"ஸ்ரீராம்புரம்."

"அது ஆடு இல்ல சார். பேக்கரி" என்று என் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். யாரும் கேட்காமலே விரலை எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். இன்னொரு பக்ரி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "மூணு" என்றார். "அவங்ககிட்ட நாலு நாலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த மூன்று பேரையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும், ஒரே வீடு, வெளியில் எங்கேயோ சாப்பிட்டது என்று அன்றைக்கு எழுதி முடித்துவிட்டாராம். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை வேகமாக வாசித்தார். வந்த டீ ஆறிப் போனது. போகும்போது, ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மறுநாள் மேடமும் நானும் அந்த வட்டாரத்துக்குப் போனோம். ஒரு காலத்தில் அங்கே பேக்கரி இருந்ததாம். இப்போது பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய். வட்டாரம் தெருமுனையில் இருந்ததால், முகவரி சொல்லும்போது ஆளுக்கொரு தெருப் பெயரைச் சொல்லியிருந்தார்கள். மாதா படம் மாட்டிய வீட்டுக்காரர்கள் சிஸ்டரின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். சிவாஜிநகர் மார்க்கெட்டில் வேலை செய்கிறவர்கள் அங்கேயே பக்கத்தில் காட்டியிருந்தார்கள். மீதிப் பேர் எங்களிடம் வந்திருந்தார்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்திருந்தவர்களை, மூன்று டாக்டர்கள் மூன்று இடத்தில் உட்கார்ந்து தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். வட்டாரத்து ஓனர் மழைக்கு முன்னால் குழாயை மாற்றியிருந்தார். புதுக் குழாய் கக்கூஸ் தொட்டியை உரசிக்கொண்டு போனது. இணைப்பில் ஒரு பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"தண்ணி நாறுதுன்னு நாங்க சொல்லாத ஆள் இல்லை" என்றாள் ஓர் அம்மாள். இடுப்பில் இருந்த குழந்தையின் தலைமுடி காய்ச்சலில் கொட்டியிருந்தது. "யார் காதுல போட்டுக்கறாங்க?"

எனக்கு அந்த ஓனரை நாலு அறை விட வேண்டும் என்றிருந்தது. மேடம் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, குரலே உயர்த்தாமல் கன்னடத்தில் கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று பாதிதான் புரிந்தது, அந்த மனுஷர் முகம் வெளுத்தது முழுசாகப் புரிந்தது. வாரம் முடிவதற்குள் குழாய் வேறு பக்கமாக வந்துவிட்டது.

கெடு முடிந்த நாளில் மூவரும் கூடினார்கள். வரைபடத்தில் ஸ்ரீராம்புரத்தில் ஒரே இடத்தில் பதினொரு புள்ளிகள், ஒன்றன் மேல் ஒன்றாக. சிஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போன தடவை இது ஏன் தெரியவில்லை என்று கேட்டார். "புரோகிராம்ல ஒரு சின்ன" என்று மேடம் ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

"நான் தான் அழிச்சேன் சிஸ்டர். வட்டாரம்னா ஏரியான்னு நெனச்சேன்."

சிஸ்டர் மெதுவாக, தான் மூன்று வருடமாக மாதத்தை முன்னால் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது மற்றவர்களைக் குழப்பும் என்று ஒருநாளும் தோன்றவில்லை என்றும் சொன்னார். மேடம், ஆறு மாதத்துக்கு ஆறு என்று எழுதியது தன் ஆட்கள்தான் என்றார். பிறகு எல்லோரும் சிவாஜிநகர் டாக்டரைப் பார்த்தோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பக்ரி" என்றார். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. அன்றைக்கே ஒரு பொதுப் படிவம் போட்டோம். தேதியில் நாள் முதலில், வயதுக்குப் பக்கத்தில் வருடமா மாதமா என்று ஒரு கட்டம், முகவரியில் தெருவுக்குக் கீழே வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை ஸ்கேல் வைத்து நான்தான் கோடு போட்டேன்.

ஆனாலும் டாக்டர் முழுசாக இறங்கி வரவில்லை. "பதினோரு பேர் ஒரே எடத்துல இருக்கறது தற்செயலாவும் இருக்கலாம். கொழா மாத்தியாச்சு. இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம். காய்ச்சல் நின்னா ரிஜிஸ்டர் இங்க வந்துக்கிட்டே இருக்கும். நிக்கலைன்னா நாம கண்டுபிடிச்சது ஒண்ணுமில்ல." எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி என்று எனக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் கோபம் இன்னும் அதிகமானது. என் வேலையும் இரண்டு மாதம் நீண்டது. போனில் சொன்னபோது, "சரி, ஆனா இது கடைசி" என்றார் அண்ணன்.

அந்த இரண்டு மாதமும் புதுப் படிவங்கள் வந்தன. நான் வந்த அன்றே அடித்தேன், ஆனால் தேடிப் பார்க்கவில்லை. மூவரும் கூடும் நாளில்தான் பார்ப்பது என்று பேச்சு. அதற்கு முன்னால் எட்டிப் பார்த்தால் நானே எனக்கு ஏமாற்றுக்காரி ஆகிவிடுவேன் என்று தோன்றியது. அடிக்கும்போது வட்டாரக் கட்டம் வந்தால் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன், எதை அடிக்கிறேன் என்று மனசுக்குள் சேராமல். கழுவும் அக்கா இதைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், பரீட்சையில காப்பி அடிக்கற பொண்ணு மாதிரி ஒளிச்சு ஒளிச்சு எழுதறீங்க" என்றார்.

அந்த நாளும் வந்தது. மேடம், சிஸ்டர், டாக்டர் மூவரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். அந்த இரண்டு மாதப் படிவங்களில் மட்டும் தேடச் சொல்லி, பேக்கரி என்று அடித்தேன். கறுப்புத் திரை ஒரு நொடி யோசித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றது. எழுத்து மாற்றி அடித்தேன், இல்லை. டாக்டர் குனிந்து, என் கையை விலக்கிவிட்டு, தன் ஒற்றை விரலால் பக்ரி என்று அவரே அடித்தார். அதுவும் இல்லை. மூன்று ஆஸ்பத்திரி, இரண்டு மாதம், அந்த வாசலிலிருந்து ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.

டாக்டர் நிமிரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "என் ரிஜிஸ்டரை மட்டும் வச்சிருந்தா, எனக்கு மூணு பேர் வரலைன்னு தான் இருந்திருக்கும்" என்றார். "மூணு பேர் வராததை எவன் கவனிப்பான்?" பிறகு மேடம் நீட்டிய ஒப்பந்தத் தாளில், ஒரு வரிகூடப் படிக்காமல், கையெழுத்துப் போட்டார். சிஸ்டரும் போட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பி, அடுத்த மாதப் படிவங்களை வெள்ளிக்கிழமை கொடுத்து அனுப்புவதாகவும், அதற்குள் நான் ஊருக்குக் கீருக்குப் போய்விடக் கூடாது என்றும் சொன்னார்.

அவர்கள் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து, எந்தத் தேவையும் இல்லாமல், அதே சொல்லை இன்னொரு தடவை அடித்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. தலைமுடி கொட்டிய அந்தக் குழந்தைக்கு இந்நேரம் முடி முளைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், ஒன்றுமே வராத அந்தத் திரையைப் பார்த்து வயிறு வலிக்கும் வரை சிரித்தேன்.